செம்புக் கம்பியை அளந்து பார்த்த கெல்வின் பிரபு

ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் தாத்தா வீட்டு முன்கூடத்தில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபையரும் இரண்டு மர ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. அவர் தோட்ட வேலையை விட்டு வந்த பிறகு வாங்கிய முதல் ஆடம்பரப் பொருள் அதுதான். சென்ற பருவ விடுமுறையில் நான் போயிருந்தபோது வலப்பக்க ஸ்பீக்கர் மக்கர் செய்தது. கொஞ்ச நேரம் பாடும், கரகரக்கும், பிறகு ஊமையாகிவிடும். ஜார்ஜ் டவுனில் ஒரு கடையில் விசாரித்தோம். ஸ்பீக்கருக்குக் கோளாறு இல்லை, வயரை மாற்றினால் போதும் என்றார்கள். சரி என்று பார்த்தால், மீட்டர் இரண்டு ரிங்கிட் வயரும் அங்கே இருந்தது. பல நூறு ரிங்கிட் வயரும் இருந்தது. இரண்டும் செம்புதானே, ஏன் இவ்வளவு வேறுபாடு என்று கேட்டதற்கு எனக்குப் புரியும்படி யாரும் பதில் சொல்லவில்லை.

தாத்தாவின் முகத்தைப் பார்த்தேன். விலை உயர்ந்ததை வாங்கினால்தான் பாட்டு நன்றாகக் கேட்கும் என்று அவர் நம்பத் தொடங்கிவிட்டார். ஓய்வுப் பணத்தில் வாழ்பவர். எதையும் வாங்காமல் அவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டு, நான் படிக்கத் தொடங்கினேன். எவ்வளவு தடிமன் வேண்டும், எவ்வளவு தூய செம்பு வேண்டும், முனையை எப்படி இணைக்க வேண்டும் ஆகிய மூன்று கேள்விகளையும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டு, அளந்து, விடை சொல்லியிருக்கிறார். அவருக்கும் நம் பினாங்குத் தீவுக்கும் ஒரு தொடர்பும் உண்டு. அவர் பெயர் வில்லியம் தாம்சன். இயற்பியல் பாடத்தில் வெப்பநிலைக்கு அலகாக வருகிறாரே, அந்தக் கெல்வின் பிரபு.

வில்லியம் தாம்சன் 1824-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் தாம்சன் கணித ஆசிரியர். வில்லியமுக்கு ஆறு வயதாக இருந்தபோது தாயார் இறந்துவிட்டார். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் பாடம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பும் தந்தையின் தலையிலேயே விழுந்தன. பிறகு தந்தைக்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் பதவி கிடைக்க, குடும்பம் அங்கே இடம் பெயர்ந்தது. பத்து வயதிலேயே வில்லியமின் பெயர் அந்தப் பல்கலைக்கழகப் பதிவேட்டில் ஏறிவிட்டது. அக்காலத்தில் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்கள் கெட்டிக்காரச் சிறுவர்களையும் சேர்த்துக்கொண்டன. நாம் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகத் தயங்கி நிற்கும் வயதைக்கூட அவர் அப்போது எட்டவில்லை.

1840-இல், பதினாறு வயதில், அவர் கைக்கு ஒரு பிரெஞ்சு நூல் கிடைத்தது. வெப்பம் ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதைக் கணிதத்தில் விளக்கிய ஃபூரியேயின் நூல் அது. அந்த ஆண்டு தந்தை குடும்பத்தை ஜெர்மனிக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றார். நோக்கம் பிள்ளைகள் ஜெர்மன் மொழி பழகவேண்டும் என்பது. மகனோ ஃபூரியேயில் மூழ்கிக் கிடந்தார். மறு ஆண்டே, ஃபூரியேயைக் குறைகூறிய ஒரு பேராசிரியருக்கு மறுப்பாகக் கட்டுரை எழுதி, தன் பெயரைப் போடாமல் பி.க்யூ.ஆர். என்ற மூன்று எழுத்துகளில் வெளியிட்டார். இந்த வெப்பக் கணிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடலடிக் கம்பியில் அது மறுபடியும் வரும்.

கேம்பிரிட்ஜில் அவர் படித்த பீட்டர்ஹவுஸ் கல்லூரியில் படகு வலித்தார். மாணவர்களோடு சேர்ந்து இசைக் குழுவும் தொடங்கினார். அதில் பிரெஞ்சு ஹார்ன் என்னும் ஊதுகருவியை வாசித்தார். கணிதத் தேர்வில் முதலிடம் வருவார் என்று எல்லாரும் எதிர்பார்க்க, 1845-இல் இரண்டாம் இடமே கிடைத்தது. படகும் இசையும்தான் காரணமோ என்னவோ, அது நமக்கு ஆறுதலான செய்தி. அடுத்துப் பாரிஸ் சென்று ரெனோவின் ஆய்வகத்தில் வேலை கற்றார். நீராவியையும் வாயுக்களையும் மிக நுட்பமாக அளப்பதில் பெயர் பெற்றவர் ரெனோ. கணிதக்காரராகப் போனவர் அளவைக்காரராகத் திரும்பினார். 1846-இல் கிளாஸ்கோவில் இயற்பியல் பேராசிரியர் ஆனபோது அவருக்கு வயது 22. அந்த நாற்காலியில் 53 ஆண்டுகள் இருந்தார்.

பதவியேற்றவுடன் அவர் செய்த ஒரு காரியம் நம்மைப் போன்ற மாணவர்களுக்கு முக்கியமானது. அக்காலத்தில் பிரிட்டனில் இயற்பியல் மாணவர்கள் சோதனை செய்வதில்லை. பேராசிரியர் மேடையில் செய்து காட்டுவதைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். தாம்சன் கல்லூரிக் கட்டடத்தில் பயன்படாமல் கிடந்த ஒரு பழைய மதுக் கிடங்கைக் கேட்டு வாங்கி, அதை ஆய்வகமாக்கினார். மாணவர்கள் கையிலேயே கம்பிகளையும் மின்கலங்களையும் கொடுத்து அளக்கச் சொன்னார். நாம் வாரந்தோறும் அலுத்துக்கொண்டு எழுதும் செய்முறைக் குறிப்பேட்டுக்கு அந்த இருண்ட கிடங்கும் ஒரு மூதாதை.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். 1843-இல் சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி ஒரு மரப்பிசினின் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். மலாய்க்காரர்கள் அதைக் கெத்தா பெர்ச்சா என்றனர். தாமான் மரத்தடியில் நாம் பார்த்துப் பழகிய ரப்பருக்கு அது தூரத்து உறவு என்று சொல்லலாம். ஆனால் பண்பு வேறு. வெந்நீரில் போட்டால் களிமண்போல் இளகும், ஆறினால் இறுகும், கடல்நீரில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் கெடாது, மின்சாரத்தைக் கடத்தாது. செம்புக் கம்பிக்குச் சட்டை தைத்துக் கடலுக்குள் போட இதைவிடச் சிறந்த பொருள் அன்று உலகில் இல்லை. 1851-இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் தந்திக் கம்பி போனது இந்தச் சட்டையோடுதான். பால்மரத்தைச் சீவிப் பால் எடுப்பதுபோல் இந்த மரத்தில் எடுக்க முடியவில்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்துப் பிசினை வடித்தார்கள். மலாயாக் காடுகள் அதற்குக் கொடுத்த விலை பெரிது.

கடலடிக் கம்பி வந்ததும் ஒரு புதிரும் கூடவே வந்தது. இந்த முனையில் தட்டிய குறி அந்த முனையில் தெளிவாக விழவில்லை; மெல்ல எழும்பி, மெல்ல அடங்கி, அடுத்த குறியோடு கலந்து குழம்பியது. ஃபாரடே இதைக் கவனித்து 1854-இல் எழுதினார். அதே ஆண்டு நண்பர் ஸ்டோக்ஸ் தாம்சனிடம் இதைப் பற்றிக் கேட்டார். தாம்சன் ஃபூரியேயை நினைத்துக்கொண்டார். ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கினால் வெப்பம் எப்படி மெதுவாகப் பரவுமோ, அப்படித்தான் நீண்ட கடலடிக் கம்பியில் மின்சாரமும் பரவுகிறது என்று கண்டார். கணக்கின் விடை பயமுறுத்தியது. கம்பியின் நீளம் 10 மடங்கானால் தாமதம் 10 மடங்கல்ல, 100 மடங்கு. இதற்கு மருந்து செம்பையும் தடிமனாக்குவது, அதன்மேல் உள்ள காப்புச் சட்டையையும் தடிமனாக்குவது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். விலையுயர்ந்த ஸ்பீக்கர் வயர்களின் அட்டைகளில் ஒலி வயருக்குள்ளேயே தாமதமாகிக் குழம்புகிறது என்று பயமுறுத்துவார்கள். அட்லாண்டிக் பெருங்கடல் அகலத்துக்கு அந்தப் பயம் உண்மை. தாத்தா வீட்டு முன்கூடத்துக்கு அல்ல. தாமதம் நீளத்தின் இருமடியாகக் கூடுகிறது என்றால், நீளம் குறையும்போது இருமடியாகவே குறையவும் செய்யும். பல ஆயிரம் கிலோமீட்டரை ஐந்தாறு மீட்டரால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள். தாமதம் அத்தனை மடங்கு சுருங்கிவிடும். அத்தனை குறுகிய வயரில் நாம் கவலைப்படவேண்டியது மின்தடை ஒன்றுக்குத்தான்.

அயர்லாந்திலிருந்து வட அமெரிக்காவின் நியூஃபவுண்ட்லாந்துக்குக் கம்பி போட 1856-இல் ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது. மூலதனம் 3,50,000 பவுண்டு. தாம்சன் அதன் இயக்குநர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் மின்சார வேலைக்குப் பொறுப்பாளர் அவரல்ல. வைல்ட்மேன் வைட்ஹவுஸ் என்பவர். மருத்துவம் படித்தவர், சுயமாக மின்சோதனைகள் செய்து தேர்ந்தவர். தாம்சனின் இருமடி விதி வெறும் ஏட்டுச் சுரைக்காய், என் சோதனையில் அப்படி வரவில்லை, மெல்லிய கம்பியே போதும் என்பது அவர் கட்சி. முதலீட்டாளர்களுக்கு எந்தப் பேச்சு இனித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மெல்லிய கம்பி மலிவு, சீக்கிரம் செய்துவிடலாம். தாம்சனின் கருத்து எடுபடுவதற்குள் மெல்லிய கேபிளுக்கே ஆர்டர் போய்விட்டது.

அந்தக் கேபிளில் ஒரு கடல் மைலுக்கு 107 பவுண்டு செம்பு இருந்தது. ஏறத்தாழ 49 கிலோ. இதைக் கணக்குப் போட்டுக் குறுக்குப் பரப்பாக மாற்றினேன். 3 சதுர மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தது. நம்ப முடியாமல் இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தேன். கடையில் மீட்டர் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஸ்பீக்கர் வயரைவிட ஒரு நூல்தான் பெரிது. அந்தத் தடிமனை வைத்துக்கொண்டு இரண்டு கண்டங்களை இணைக்கப் புறப்பட்டிருக்கிறார்கள்!

தடிமனை மாற்ற முடியாது என்றானபின் தாம்சன் செம்பின் தரத்தைப் பார்க்கத் தொடங்கினார். வெவ்வேறு ஆலைகளிலிருந்து வந்த கம்பிகளை ஆய்வகத்தில் அளந்தார். ஒரே நீளம், ஒரே தடிமன், கண்ணுக்கு ஒரே நிறம். ஆனால் ஒன்று மற்றொன்றைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தியது. செம்பு என்றால் செம்புதான் என்று அதுவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள். சிறிதளவு கலப்பு சேர்ந்தாலும் கடத்தும் திறன் வெகுவாக விழுந்துவிடும் என்பது 1857-இல் அவர் வெளியிட்ட கட்டுரையால் வெளிச்சத்துக்கு வந்தது. கூடுதலாகச் செய்யவேண்டியிருந்த பகுதிக்காவது செம்பைச் சோதித்துத்தான் வாங்கவேண்டும் என்று வாதாடி, ஒப்பந்தத்தில் சேர்க்கவைத்தார். பொருளின் பெயரைப் பார்த்து வாங்காமல், அளந்து வாங்கும் வழக்கம் கேபிள் தொழிலில் இப்படித்தான் நுழைந்தது.

இன்றைய கடைகளிலும் அதே வேலை நடக்கிறது. அலுமினியத்தின்மேல் செம்பு முலாம் பூசிய வயர்கள் செம்பு வயர் போலவே மினுங்கும். சி.சி.ஏ. என்று அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். அதே தடிமனுள்ள தூய செம்போடு ஒப்பிட்டால் அதன் மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அது மோசடி என்று நான் சொல்லவில்லை. எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் செம்பு விலைக்கு அதை வாங்கக்கூடாது.

1857 ஆகஸ்டில் முதல் முயற்சி. சில நூறு கிலோமீட்டர் போனதும் கேபிள் அறுந்து ஆழ்கடலில் விழுந்தது. மறு ஆண்டு ஜூனில் மீண்டும் கிளம்பினார்கள். அகமெம்னான் என்ற போர்க்கப்பலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கேபிளைச் சுருட்டி ஏற்றியிருந்தார்கள். அந்தப் பாரத்தோடு கப்பல் பெரும்புயலில் சிக்கிக் கவிழும் நிலைக்குப் போய் மீண்டது. தாம்சன் அதில் இருந்தார். வைட்ஹவுஸ் உடல்நலம் சரியில்லை என்று கரையிலேயே இருந்துவிட்டார். மறுபடியும் சிலமுறை அறுந்து, மறுபடியும் ஒட்டி, ஒருவழியாக 1858 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கேபிள் கரை சேர்ந்தது.

ஊரே கொண்டாடியது. விக்டோரியா அரசியார் அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. அந்த அளவுக்காவது படிக்க முடிந்தது தாம்சன் உருவாக்கிய ஒரு கருவியால்தான். பொட்டளவு கண்ணாடியின் முதுகில் சிறு காந்தங்களை ஒட்டி, பட்டு நூலில் தொங்கவிட்டார். மிக மெல்லிய மின்னோட்டம் வந்தாலும் கண்ணாடி சற்றே திரும்பும். அதில் பட்டுத் தெறிக்கும் விளக்கொளிப் புள்ளி எதிரே உள்ள அளவுகோலில் நகரும். ஒளிக்கு எடை இல்லை என்பதால் அது எவ்வளவு நீளமான முள்ளாகவும் வேலை செய்யும்.

வைட்ஹவுஸுக்கு இந்த மெல்லிய வழி பிடிக்கவில்லை. குறி சரியாக வரவில்லையா, இன்னும் பலமாகத் தள்ளு என்பது அவர் முறை. ஏறத்தாழ 2,000 வோல்ட் தரும் பெரிய சுருள்களைக் கேபிளில் மாட்டினார். ஏற்கெனவே நொந்துபோயிருந்த கெத்தா பெர்ச்சா சட்டை தாங்கவில்லை. செப்டம்பருக்குள் கேபிள் முழுக்க ஊமையாகிவிட்டது. நியாயமாகச் சொன்னால், அந்தக் கேபிளைச் செய்த விதத்திலும் வைத்திருந்த விதத்திலும் முன்பே குறைகள் இருந்தன. வைட்ஹவுஸ் ஒருவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வேலையை இழந்தவர் அவர்தான். பணத்தை இழந்தவர்கள் பங்கு வாங்கியவர்கள்.

தோல்விக்குப் பின் அரசும் கம்பெனியும் சேர்ந்து விசாரணைக் குழு அமைத்தன. அதில் வெளிவந்த பெரிய சங்கடம், மின்தடையைச் சொல்வதற்குப் பொதுவான அலகே இல்லை என்பது. ஒவ்வொருவரும் தங்கள் கம்பியின் இத்தனை மைல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாருடைய கம்பி, எந்தச் செம்பு என்று கேட்டால் கணக்கு முட்டிக்கொள்ளும். 1861-இல் தாம்சனின் முயற்சியால் பிரித்தானிய அறிவியல் சங்கம் இதற்கென ஒரு குழுவை ஏற்படுத்தியது. மேக்ஸ்வெல்லும் அதில் பணியாற்றினார். அந்தக் குழுவின் வேலையே 1881-இல் பாரிஸில் பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட ஓம் என்னும் அலகுக்கு அடித்தளம். உங்கள் வீட்டு ஸ்பீக்கரைத் திருப்பிப் பாருங்கள். 8 ஓம் அல்லது 4 ஓம் என்று எழுதியிருக்கும். ஜெர்மானியர் ஓமின் பெயர், பிரித்தானியக் குழுவின் உழைப்பு, அறுந்துபோன ஓர் அட்லாண்டிக் கேபிள் மூன்றும் சேர்ந்துதான் அந்த எண் அங்கே வந்தது.

அந்த எண்தான் வயர் வாங்கவும் கணக்கு. வயரின் மின்தடை, போகவர இரண்டு கம்பிகளையும் சேர்த்து, ஸ்பீக்கரின் எண்ணில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாமல் இருந்தால் போதும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம், 4 ஓமுக்கு 0.2. ஸ்பீக்கர் ஐந்து மீட்டர் தள்ளி இருந்தால் கம்பி மொத்தம் பத்து மீட்டர். தூய செம்பில் 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் 0.23 ஓம், 2.5 என்றால் 0.07 ஓம். அதற்குமேல் கைத்தடியளவு தடிமன் வாங்கினாலும் காதுக்கு ஒன்றும் தெரியாது.

1860 குளிர்காலத்தில் தாம்சன் உறைபனியில் கர்லிங் விளையாடும்போது வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் வாழ்நாள் முழுதும் சற்று நொண்டியே நடந்தார். அடுத்த ஆண்டில்தான் அவருடைய இன்னொரு முக்கியமான கண்டுபிடிப்பு வந்தது. மிகச் சிறிய மின்தடையை அளக்கப் போனால் ஒரு தொல்லை உண்டு. அளக்கும் கருவியின் வயருக்கும் ஒரு மின்தடை இருக்கிறது. கிளிப் பிடிக்கும் இடத்தில் இருக்கும் அழுக்குக்கும் ஒரு மின்தடை இருக்கிறது. அளக்கவேண்டிய பொருளைவிட இவை பெரிதாகிவிடும். தாம்சனின் வழி எளிமையானது. இரண்டு முனைக்குப் பதில் நான்கு முனை. ஒரு சோடி மின்னோட்டத்தைச் செலுத்தும். இன்னொரு சோடி பொருளின் இரு பக்கமும் உள்ள மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும். இடையில் உள்ள இணைப்புகளின் குறை கணக்கில் சேராது. கெல்வின் பாலம் என்று அதற்குப் பெயர். நம் ஆய்வகங்களில் இரட்டைத் தாடை கொண்ட கிளிப்புகளை இன்றும் கெல்வின் கிளிப் என்றே அழைக்கிறார்கள். கம்பியின் குறை வேறு, இணைப்பின் குறை வேறு என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

1865-இல் கிரேட் ஈஸ்டர்ன் என்னும் மாபெரும் கப்பல் புதிய கேபிளோடு கிளம்பியது. இம்முறை தாம்சன் கேட்டது கிடைத்தது. கடல் மைலுக்கு 300 பவுண்டு செம்பு, 400 பவுண்டு கெத்தா பெர்ச்சா. பாதி வழிக்கு மேல் கடந்தபின் அறுந்தது. 1866-இல் மறுபடியும் முயன்று, ஜூலை 27-ஆம் நாள் கரை சேர்த்தார்கள். போதாததற்கு, முந்தின ஆண்டு அறுந்து விழுந்த கேபிளையும் ஆழ்கடலில் துழாவி எடுத்து ஒட்டி முடித்தார்கள். இப்போது இரண்டு கேபிள்கள். அந்தச் செப்டம்பரில் லாட்டிமர் கிளார்க் என்ற பொறியாளர் இரண்டையும் அக்கரையில் ஒன்றாக இணைக்கச் சொல்லிவிட்டு, தையல்காரர்கள் விரலில் மாட்டும் வெள்ளி விரலுறை ஒன்றில் கொஞ்சம் அமிலம் ஊற்றி, ஒரு துண்டு துத்தநாகத்தை வைத்து, அந்தப் பொம்மை மின்கலத்தாலேயே பெருங்கடலைப் போகவரக் கடந்து குறி அனுப்பிக் காட்டினார். 2,000 வோல்ட்டால் ஆகாதது ஒரு விரலுறையால் ஆயிற்று. அதே ஆண்டு தாம்சனுக்குச் சர் பட்டம் கிடைத்தது.

அட்லாண்டிக்கில் கற்ற பாடம் சீக்கிரமே நம் பக்கம் வந்தது. 1871-இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கடலடிக் கேபிள் வேலை செய்யத் தொடங்கியது. மலாயாக் காட்டுப் பிசின் இங்கிலாந்துக்குப் போய், செம்புக் கம்பியின்மேல் சட்டையாகி, கப்பலேறி மறுபடியும் மலாயாக் கரைக்கே வந்து சேர்ந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம் முன்னோர்களுக்கு ஊரிலிருந்து கடிதம் வர வாரக்கணக்கில் ஆன காலம். அவர்கள் கையில் தந்திக்குக் கொடுக்கக் காசு இருந்திருக்காது என்பதும் உண்மைதான். சர்க்கரை விலையும் ஈய விலையும் முதலில் பயணம் செய்தன. மரணச் செய்திகள் அதற்குப் பின்னால் வந்தன.

தந்திக் கருவிகளின் காப்புரிமை தாம்சனைப் பணக்காரராக்கியது. லல்லா ரூக் என்ற பாய்மரக் கப்பலை வாங்கினார். முதல் மனைவி மார்கரெட் பல ஆண்டுகள் நோயுற்றிருந்து 1870-இல் இறந்திருந்தார். கேபிள் வேலையாகப் போனபோது மதேரா தீவில் பிளாண்டி குடும்பத்தோடு பழக்கமானது. அந்த வீட்டுப் பெண்களுக்குக் குறிமொழி கற்றுக்கொடுத்தார். 1874-இல் தன் கப்பலில் மறுபடியும் அங்கே போனபோது, துறைமுகத்தை நெருங்கும்போதே கப்பலிலிருந்து குறி காட்டி ஃபிரான்சஸ் பிளாண்டியிடம் திருமண விருப்பத்தைத் தெரிவித்தார் என்றும், கரையிலிருந்து சம்மதம் குறியாகவே வந்தது என்றும் சொல்வார்கள். அந்தச் செய்திக்கு மட்டும் கம்பியே தேவைப்படவில்லை.

1881-இல் யார்க் நகரில் அவர் சொன்ன ஒரு விதி மின்வாரியப் பொறியாளர்கள் பாடத்தில் கெல்வின் விதி என்று இன்றும் இருக்கிறது. கம்பி தடிக்கத் தடிக்க அதன் விலை ஏறும். வழியில் வீணாகும் மின்சாரம் குறையும். செம்புக்குப் போட்ட பணத்தின் ஆண்டு வட்டியும், ஆண்டுதோறும் வீணாகும் மின்சாரத்தின் விலையும் சமமாகும் இடமே சிக்கனமான தடிமன். மெல்லிய கம்பிக்கு எதிராக ஒரு காலத்தில் வாதாடியவர், அளவுக்கு மீறித் தடித்த கம்பியும் வீண் என்று கணக்கெழுதி வைத்தார்.

அவருடைய கணக்குகள் எல்லாம் சரியாகவே இருந்தன என்று எண்ணிவிடக் கூடாது. பூமி உருகிய நிலையிலிருந்து ஆறி வருகிறது என்று வைத்துக்கொண்டு அதே ஃபூரியே கணிதத்தால் அதன் வயதைக் கணக்கிட்டார். கடைசியாக அவர் சொன்னது 2 கோடியிலிருந்து 4 கோடி ஆண்டு. இன்று நாம் அறிந்தது 450 கோடிக்கு மேல். கணிதம் பிழையல்ல, பூமியின் உள்ளே நடப்பதைப் பற்றி அவர் வைத்துக்கொண்ட அனுமானம் பிழை. நிலவியலாளர்கள் பாறைகளைக் காட்டி எவ்வளவோ சொல்லியும் அவர் இறங்கி வரவில்லை. பலூன் தவிர வேறு வானூர்தி மீது தமக்கு நம்பிக்கை இல்லை என்று 1896-இல் எழுதினார். ஏழே ஆண்டுகளில் ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள். ஒரு காலத்தில் வைட்ஹவுஸ் தாம்சனின் கணக்கைக் கேட்க மறுத்தார். முதுமையில் தாம்சன் மற்றவர்களின் சான்றுகளைக் கேட்கத் தயங்கினார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும், ஆனாலும் இதை மறைக்க முடியாது.

1892-இல் பிரபு பட்டம் வந்தபோது, தம் பல்கலைக்கழகத்தின் அருகே ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரைச் சூடிக்கொண்டார். 1899-இல் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றவுடன், அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகப் பெயர் பதிந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 75. 1907 டிசம்பர் 17-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் லார்க்ஸ் ஊரில் உள்ள தம் வீட்டில் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நியூட்டனின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

தாத்தாவின் வயரைப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றேன். கெல்வின் கிளிப் மாட்டி அளந்தால், ஆறு மீட்டர் தூரத்துக்கான அந்த மெல்லிய வயர் போகவர 0.7 ஓம் காட்டியது. அதிகம்தான், ஆனால் ஸ்பீக்கரை ஊமையாக்கும் அளவு அல்ல. பிறகு முனையில் இருந்த பழைய இணைப்பியையும் சேர்த்து அளந்தேன். எண் 2 ஓமுக்கும் மேலே தாவியது. வயரை ஆட்டினால் இன்னும் தாவியது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் செம்பு இழைகள் பச்சைப் பாசி பிடித்ததுபோல் இருந்தன. நம் தீவின் உப்புக் காற்றும் ஈரமும் செய்த வேலை. குற்றவாளி வயரல்ல, முனை.

2.5 சதுர மில்லிமீட்டர் தூய செம்பு வயரும், திருகி இறுக்கும் சாதாரண பனானா பிளக்குகளும் வாங்கினோம். இழை ஒன்றுகூடப் பிளக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல் பார்த்துக்கொண்டேன். சிவப்பு இழையும் கறுப்பு இழையும் தொட்டுக்கொண்டால் ஆம்ப்ளிஃபையர் புகைந்துவிடும். இரண்டு ஸ்பீக்கரிலும் சிவப்பு சிவப்புக்கே போகிறதா என்று இருமுறை பார்த்தேன். ஒன்று மாறினால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்துவிடும். புதிய வயர் ஒரு பக்கத்துக்கு 0.1 ஓமுக்கும் குறைவு. மொத்தச் செலவு நூறு ரிங்கிட்டைத் தொடவில்லை. தாத்தா பழைய நாடாவைப் போட்டார். இரண்டு பக்கமும் பாடின. மிச்சமிருந்த இரண்டு மீட்டர் வயரைச் சுருட்டி, மின்கட்டண ரசீதுகளோடு அலமாரியில் பத்திரப்படுத்திக்கொண்டார்.